அன்றைக்கு என் பையில் இருந்தவை

வலது கையின் மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. இப்போதுதான் இரண்டு கையாலும் தட்டச்சு செய்ய முடிகிறது. போன நவம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று கட்டுப் போட்ட நாளிலிருந்தே மனதில் இருந்தது. பெரிய விபத்து எதுவும் இல்லை. வெளி வேலைகளை முடித்துவிட்டு மழையில் கடற்கரைப் பக்கம் நடந்தேன், விழுந்தேன், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரம் கை இல்லை, 31,000 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது, அப்பாவின் ஒரு படமும் போனது. யாராவது முன்னாலேயே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் முத்தியால்பேட்டையில் நானும் அம்மாவும் மட்டும் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. அப்பா மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு நாள் விடுப்புக் கிடைப்பதே பெரிய பாடு என்பதால், ஒரு மாதமாகத் தள்ளிப்போட்ட எல்லாவற்றையும் அந்த ஒரே நாளில் வைத்துக்கொண்டேன். வங்கி, கரன்ட் பில், அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, ஜெராக்ஸ், பெரிய மார்க்கெட்டில் காய்கறி. காலை ஒன்பதரைக்குக் கிளம்பும்போது தோளில் ஒரு துணிப்பை. அதில் அம்மாவின் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், அப்பாவின் ஓய்வூதிய ஆணைப் புத்தகம், அதாவது பிபிஓ, எல்லாமே அசல். வங்கியில் எதைக் கேட்பார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். ஏடிஎம் அட்டை கைபேசியின் மூடி உறைக்குள் இருந்தது. எடுக்க வசதியாக இருக்கும் என்று பல வருடமாக அங்கேதான் வைத்திருந்தேன்.

வங்கியில் இரண்டேகால் மணி நேரம். நவம்பர் என்பதால் ஓய்வூதியர் கூட்டம், பாதிப் பேருக்கு உட்கார நாற்காலி இல்லை. என் முறை வந்தபோது, அம்மா நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் டிஜிட்டல் முறையில் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். போன வருடம் அம்மாவை அழைத்துப்போனபோது கைரேகைக் கருவி நாலு விரலையும் ஏற்கவில்லை, ரேகை தேய்ந்துவிட்டது என்றார்கள் என்று சொன்னேன். அதற்கு கவுன்ட்டரில் இருந்தவரிடம் பதில் இல்லை. வெளியே வரிசையில் நின்ற ஒரு பெரியவர்தான், “கைரேகை வேண்டாம்மா, இப்ப முகத்தை வச்சே எடுக்கலாம், போஸ்ட்மேன் வீட்டுக்கே வருவார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அது என் காதில் சரியாக ஏறவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஜீவன் பிரமாண் என்ற இந்த மின்னணு உயிர்வாழ் சான்று 2014 நவம்பரிலிருந்து இருக்கிறது. 2021 முதல் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஆதார் ஃபேஸ்ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு செயலிகளை இறக்கிக்கொண்டால் போதும். தேவைப்படுவது ஆதார் எண், பிபிஓ எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி வருவதற்கு ஒரு கைபேசி எண். அசல் புத்தகம் எதுவும் தேவையே இல்லை. செயலியெல்லாம் வேண்டாம் என்றால் அஞ்சலக வங்கியில் சொன்னால் தபால்காரர் வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு முடித்துத் தருகிறார். 80 வயது தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், நவம்பர் நெரிசலில் நிற்க வேண்டியதில்லை. இது எனக்கு முதல் நாள் தெரிந்திருந்தால், அந்தப் புத்தகம் அலமாரியை விட்டு வெளியே வந்திருக்காது.

மற்ற வேலைகள் மளமளவென்று முடிந்தன. மாத்திரைக்கும் கரன்ட் பில்லுக்கும் கைபேசியிலேயே பணம் கட்டினேன். கையிலிருந்த சில்லறைப் பணம் மார்க்கெட்டில் கீரைக்கும் வாழைக்காய்க்கும் போனது. மணி மூன்றரை. பணப்பையில் இருபது ரூபாய் இருந்தது. அதைப் பார்த்தது நினைவிருக்கிறது, ஏடிஎம் போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. வானம் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போனால் சமையல், அம்மாவுக்கு எண்ணெய் தேய்ப்பது, மறுநாள் வேலை. இரண்டு வருடமாக எனக்கென்று ஒரு மணி நேரம் தனியாக இருந்ததே இல்லை. வாய்க்காலைத் தாண்டி, பாரதி பூங்கா வழியாகக் கடற்கரைச் சாலைக்கு நடந்துவிட்டேன். அந்த முடிவுக்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை.

மழைக்காலத்தில் எங்கள் கடற்கரையைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வாடைக்காற்று முகத்தில் நேராக அடிக்கும். வெயில் காலத்தில் நீலமாகக் கிடக்கும் கடல், மழைத் தண்ணீர் கலந்து பழுப்பும் சாம்பலுமாகக் கொந்தளிக்கும். சாலையில் ஆளே இல்லை. காந்தி சிலை மண்டபத்தில் நாலைந்து பேர் ஒதுங்கி நின்றார்கள். நானும் கொஞ்ச நேரம் நின்று, சுற்றியிருக்கும் செஞ்சிக் கருங்கல் தூண்களில் மழைநீர் கோடு கோடாக வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனது அவ்வளவு லேசாக இருந்தது. மழை விட்டதும் வடக்கே நடந்தேன். தலைமைச் செயலகத்துக்கு எதிரே, சில வருடம் முன்பு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு சேர்ந்த மணல் இருக்கிறது. அதைத் தாண்டினால் மறுபடி கருங்கல் குவியல்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இங்கே மணல் இல்லை. தெற்கே 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டியதும், தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து வரும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்குப் பக்கக் கரையை அலை அரிக்க ஆரம்பித்தது, ஊரைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். அலையைத் தாங்குவதற்காகக் கொட்டிய கல் அது. மனிதர் நடப்பதற்காக யாரும் அடுக்கவில்லை. இந்த வித்தியாசத்தை ஊர்க்காரியான நானே அன்று மறந்துவிட்டேன்.

கடல் மேல் வெள்ளையாக ஒரு திரை வந்துகொண்டிருந்தது. அடுத்த பாட்டம் மழை. அதைப் படம் எடுக்கலாம் என்று மூன்றே மூன்று கல் கீழே இறங்கினேன். வலது கையில் குடை, இடது கையில் கைபேசி, தோளில் பை, இன்னொரு முழங்கையில் காய்கறிக் கூடை. எதையும் பிடிக்க ஒரு கை கூட மிச்சமில்லை. காய்ந்த நாளில் அலை எதுவரை ஏறுகிறது என்று கல்லிலேயே தெரியும், நனைந்த இடம் கறுப்பாகவும் மேலே வெளுப்பாகவும் இருக்கும். மழை நாளில் எல்லாக் கல்லும் ஒரே கறுப்பு. அந்தக் கோடு அழிந்துபோயிருக்கும். இதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன். என் காலடியில் இருந்தது அலை ஏறும் கல், பாசி பிடித்த கல். காற்று குடையைத் திருப்பிய அதே நேரத்தில் கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தேன். உள்ளே ஏதோ நொறுங்கியது நன்றாகவே கேட்டது. கைபேசி இரண்டு கல்லுக்கு நடுவே போய்விட்டது. கீழே அதன் வெளிச்சம் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் ஒரு அலை வந்தது.

அந்த மழைத்திரை கரைக்கு வந்துசேர பத்து நிமிடம் கூட ஆகவில்லை. அன்றைக்கு வானிலை மையம் கொடுத்தது மஞ்சள் எச்சரிக்கைதான், எச்சரிக்கை நிறங்களில் கடுமை குறைந்தது, அதனால் பயமில்லை என்று காலையில் நினைத்திருந்தேன். வானிலை மையம் சொல்வது ஒரு முழு நாளின் கணக்கு. 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 20.4 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊர்ப் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதை அனுபவித்தவர்களுக்கு மஞ்சள் என்றால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்பதை அந்த நிறம் சொல்லாது. கடலும் வானமும் சேரும் கோடு மறைந்துவிட்டால், உடனே கூரை இருக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள்.

என்னைத் தூக்கிவிட்டது ஒரு மீன்கார அம்மா. அறுபது வயது தாண்டியிருக்கும். மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குருசுக்குப்பத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர். கூடையைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்து, இடது கையைப் பிடித்து மேலே ஏற்றினார். முதல் வார்த்தையே, “இன்னா பாப்பா நிக்கிற, வளையலைக் கழட்டு, கை வீங்கிடும்” என்பதுதான். நான் கேட்கவில்லை. என் நினைப்பெல்லாம் கைபேசியில் இருந்தது. வலியோடு மறுபடி கல் விளிம்பில் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன், கொட்டும் மழையில் அழுதேன். பத்து நிமிடம் அப்படிப் போனது. அதற்குள் மணிக்கட்டு வீங்கி, அம்மா போட்டுவிட்ட தங்க வளையல் சதைக்குள் பதிந்துவிட்டது. கையிலோ விரலிலோ அடிபட்டால், வலி எவ்வளவு இருந்தாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுத்தார்கள்.

“யாருக்காச்சும் போன் பண்ணணுமா?” என்று அந்த அம்மா தன் சின்ன போனை நீட்டினார். எனக்கு ஒரு எண் கூடத் தெரியவில்லை. அம்மாவின் எண், பக்கத்து வீட்டு அக்காவின் எண், அலுவலகத் தோழியின் எண், எதுவும் தெரியவில்லை. மனதில் இருந்த ஒரே எண் எங்கள் வீட்டின் பழைய தொலைபேசி எண், அதைத் துண்டித்து எட்டு வருடம் ஆகிறது. அந்த நிமிடம் வந்த பயம் எலும்பு முறிந்த வலியை விடப் பெரியது. சொந்த ஊரில், வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில், யாரையும் கூப்பிட வழியில்லாமல் நின்றேன். இருபது ரூபாய்க்கு ஆட்டோ வராது. அந்த அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு நூறு ரூபாய் நோட்டை என் இடது கையில் வைத்து மூடினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, மாவுக்கட்டு எல்லாம் இலவசமாகவே ஆனது. மணிக்கட்டுக்கு மேலே முன்கையின் ஆரை எலும்பு முறிந்திருந்தது. வீட்டுக்கு வரும்போது இரவு எட்டரை. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாலு மணியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் கைபேசியில் இரண்டு அழைப்புகள் செய்தேன். அவருடையதும் என் நிறுவனத்தின் இணைப்புதான், 198-ஐ அழைத்து சிம்மை முடக்கினேன். அடுத்து வங்கியின் உதவி எண்ணில் ஏடிஎம் அட்டையையும் யுபிஐயையும் முடக்கினேன். கடலுக்குள் போனதை யார் எடுக்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அலை இறங்கும்போது அந்தக் கற்களுக்கு நடுவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த சில நாட்களைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கினால் அழைப்பு உடனே வரும், ஆனால் மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. எஸ்எம்எஸ் இல்லையென்றால் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லையென்றால் எந்தச் செயலியும் திறக்காது. அது தெரியாமல் ஒரு முழு நாள், சிம் கெட்டுப்போயிருக்கிறது என்று கடைக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். யுபிஐயைப் புதுக் கைபேசியில் பதிந்த பிறகும் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. வங்கிக்குப் போய்ப் பணம் எடுக்கலாம் என்றால் வலது கையில் கட்டு, கையெழுத்து பொருந்தாது. புது ஏடிஎம் அட்டை வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த 4,000 ரூபாயில்தான் குடும்பம் ஓடியது. காணாமல்போன கைபேசியை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் முடக்கலாம். அதற்குக் காவல்துறைப் புகாரின் நகலும் கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் வேண்டும். அந்த எண் வாங்கின பெட்டியில் இருக்கும், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி அந்தத் துணிப்பை. அன்று இரவு பத்து மணிக்குத்தான் அது நினைவுக்கு வந்தது. ஆதார் அட்டை பிளாஸ்டிக் உறை போட்டது, தப்பித்தது. வங்கிப் புத்தகம் ஊறிப்போயிருந்தாலும் எழுத்து நின்றது. பிபிஓ புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதன் முதல் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டி, மேலே ஊதா முத்திரை வைத்திருப்பார்கள். முத்திரையின் மை கரைந்து அப்பாவின் முகத்தின் மேல் பரவியிருந்தது. இருவரும் ஒன்றாக ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்த ஒரே படம் அது. அன்று நான் அழுதது அதற்காகத்தான், கைக்காக இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் என் கையாக இருந்து உதவினார். ஒட்டிய தாளை இழுத்துப் பிரிக்கவில்லை, தானாகப் பிரியும் இடத்தில் மட்டும் பழைய செய்தித்தாளை நுழைத்தோம், ஒரு மணிக்கொரு முறை மாற்றினோம், மின்விசிறிக் காற்றில் மட்டும் உலர்த்தினோம். வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு மொடமொடவென்று ஆகிவிடும், இஸ்திரி போடவே கூடாது. பால்பாயிண்ட் பேனா எழுத்தும் ஜெராக்ஸ் எழுத்தும் தண்ணீரைத் தாங்கின. மைப்பேனா எழுத்தும் ரப்பர் முத்திரையும் கரைந்துவிட்டன. எண்ணும் பெயரும் படிக்கிற மாதிரி இருக்கிறது. படத்தைத்தான் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் வீட்டுப் பழைய ஆவணங்களில் படம் ஒட்டியிருந்தால், இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் ஒரு நகல் எடுத்து, இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள்.

அம்மாவின் உயிர்வாழ் சான்று அடுத்த வாரம் தபால்காரர் வந்து எங்கள் கூடத்திலேயே முடித்துக் கொடுத்தார். அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னார், ஐந்து நிமிடத்தில் எஸ்எம்எஸ் வந்தது. இதற்காகவா அலைந்தோம் என்று இருந்தது. கணக்கு எழுதிவைத்திருக்கிறேன். கைபேசி 19,500, வளையலைப் பற்றவைத்துச் சரிசெய்ய 3,200, பிசியோதெரபி 3,000, ஆட்டோ 1,800, சம்பளமில்லாத விடுப்பு நாலு நாள் 3,600. மொத்தம் 31,100.

இப்போதும் மழை நாளில் நடக்கப் போகிறேன். கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும். குடையை விட்டுவிட்டு மழைக்கோட்டு, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். அசல் ஆவணம் எதுவும் கிடையாது, எண்கள் மட்டும் ஒரு தாளில். இடுப்பில் ஜிப் வைத்த சின்னப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் 500 ரூபாயும், மூன்று கைபேசி எண்கள் பேனாவில் எழுதிய துண்டுத் தாளும், ஏடிஎம் அட்டையும். அந்த மூன்று எண்களையும் மனப்பாடமும் செய்துவிட்டேன். எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறேன். செருப்பும் பழசு இல்லை, அடியில் வரி தேயாத ரப்பர் செருப்பு.

விழுந்த பத்தாவது நாள் அந்த 200 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் கடைப் பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றியும் அடையாளம் தெரியவில்லை, அன்று மழையில் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அவர்தான் என் கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மாவுக்கட்டின் மேல் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். “எப்பப் பிரிப்பாங்க?” என்றார். டிசம்பர் கடைசியில் என்றேன். “வளையல்?” என்று கேட்டார்.